மார்கழியில் வரும் காசு

பிரதேச கலாசாரப் பேரவையில் நான் ஓர் உறுப்பினர் என்று தெரிந்ததும் ஊரில் ஆட்கள் முதலில் கேட்பது, "இந்த முறை விருது ஆருக்கு ரீச்சர்?" என்பதைத்தான். அதற்கடுத்து, "எங்கட ஐயாவின்ர பேரையும் ஒருக்கால் பாத்துக்கொள்ளுங்கோவன்" என்பார்கள். பேரவை என்னதான் செய்கிறது என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமானது. சந்தை வாசலில் நின்று சொல்லி முடிக்க ஏலாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பிரதேச செயலகம் என்று எழுதப்போவதில்லை. வன்னியில் ஒன்று. முல்லைத்தீவு என்று நினைத்தாலும் சரி, கிளிநொச்சி என்று நினைத்தாலும் சரி, கதை பெரிதாக மாறாது.

வெளியூர் வாசகர்களுக்காக இரண்டு வரி. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஒரு கலாசாரப் பிரிவு இருக்கும். அதில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவருக்கு உறுதுணையாக ஊரிலுள்ள கலைஞர்கள், எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், ஆலயத்தார் சிலரைச் சேர்த்து அமைப்பதுதான் பேரவை. பிரதேச செயலர் தலைவர், உத்தியோகத்தர் செயலாளர், மற்றவர்கள் உறுப்பினர்கள். சம்பளம் கிடையாது, தேத்தண்ணியும் வடையும் உண்டு. எங்களுக்கு அதிகாரமும் கிடையாது. ஆலோசனை சொல்லலாம். அந்த ஆலோசனையை எடுப்பதும் விடுவதும் கதிரையில் இருப்பவர் பாடு.

ஆலோசனை மட்டும் சொல்கிற ஒரு குழுவால் ஊரின் கலைக்கு என்ன பயன் வரக்கூடும்? உறுப்பினரான நாளிலிருந்து எனக்குள் ஓடுகிற கேள்வி இதுதான். "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். நான் இன்னும் போகவில்லை.

பேரவை வழமையாகச் செய்வது மூன்று காரியங்கள். கலாசார விழா நடத்துவது, மலர் வெளியிடுவது, மூத்த கலைஞர்களைக் கௌரவிப்பது. மூன்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2009 இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து திரும்பி வந்த சனத்துக்கு, தறப்பாளின் கீழ் இருந்தபடி ஒரு விழா பார்த்ததே பெரிய காரியம். ஊரின் பழைய பெயர்களும் கோயில் வரலாறுகளும் ஓரளவுக்காவது அச்சில் இருக்கின்றன என்றால், அதில் பிரதேச செயலக மலர்களுக்கும் பங்குண்டு. 60 வயது தாண்டிய பிறகு அரசின் கலாபூஷணம் விருது கிடைத்த ஒரு மூத்த கலைஞர், சான்றிதழைச் சட்டம் போட்டு சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது.

சிக்கல் இந்தக் காரியங்களில் இல்லை, மாதத்தில்.

வன்னியில் கூத்துக்கும் வயலுக்கும் பழைய உடன்பாடொன்று இருக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகை, மார்கழி முழுக்க மாரி. குளம் வான் பாயும், றோட்டு அறுக்கும், யானை வரும், பன்றி வரும், இரவுக்காவல். தை, மாசியில் அருவி வெட்டு, சூடடிப்பு. நெல்லு மூட்டை வீட்டுக்கு வந்து கையில் கொஞ்சம் காசு புழங்குகிற பங்குனி, சித்திரையில்தான் கூத்து பழக ஆள் சேரும். நிலவுள்ள இரவுகளில் கோயில் வெளியில் பழக்கம் நடக்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிக்கிற அந்த அம்மனைச் சுற்றித்தான் முல்லைத்தீவுப் பக்கத்தின் பண்பாட்டு ஆண்டே சுழல்கிறது. முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயச் சூழலில் ஆடப்பட்டு வரும் கோவலன் கூத்தும் அந்தச் சுழற்சியில் ஒரு பகுதிதான். முல்லை மோடி, அதாவது முல்லைத்தீவுப் பாணி, என்று அதற்கொரு தனி அடையாளமே உண்டு. கண்ணகி கதை இங்கே நேர்த்தியோடும் விரதத்தோடும் சேர்ந்தது. மேடை கிடைத்த நாளில் ஆடிவிட்டுப் போகிற சங்கதி அல்ல.

திறைசேரியின் ஆண்டோ சனவரி 1 இல் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு என்று ஒரு தாள் ஆண்டின் முற்பகுதியிலேயே வந்துவிடும். காசு வராது. கேட்டால் "இன்னும் ரிலீஸ் ஆகேல்லை" என்பார்கள். சுகாதாரமும் வீதியும் வீடும் தாண்டி, கடைசியில்தான் கலை. அது நியாயம்தான் என்று வாதிடலாம், நானும் சில நாட்களில் வாதிடுவேன். எப்படியோ ஐப்பசியில் ஒரு கடிதம் வரும். மார்கழி முடிவதற்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும். அதன் பிறகு ஒரே ஓட்டம். அடுத்தடுத்த பிரதேச செயலகங்கள் எல்லாம் ஒரே கிழமையில் விழா வைக்கும். ஒரே மைக் செற்காரர், ஒரே பந்தல்காரர், ஒரே பிரதம விருந்தினர்.

கூத்தைப் பழக்கி ஆடவைக்கிற அண்ணாவியார் அப்போது வயலுக்குள் நிற்பார்.

எங்கள் பக்கத்து அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு கார்த்திகையில் விழாவுக்குக் கூத்துக் கேட்டுப் போனோம். முழங்கால் வரை சேறு. வரம்பில் இருந்தபடியே கேட்டார், "எவ்வளவு நேரம் தருவியள் பிள்ளை?" உத்தியோகத்தர் 20 நிமிடம் என்றார். அண்ணாவியார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கோவலன் மதுரைக்கு நடந்து போறதுக்கே அது காணாது, கொலை எங்க விழுறது?" என்றார். கடைசியில் வந்து ஆடினார்கள்தான். கோவலன் புறப்பட்டான், போய்ச் சேரவில்லை. அதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் சலங்கையோடு திரைக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். மழைத் தூறல் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மத்தளமும் கேட்கவில்லை.

மத்தளம் என்றதும் இன்னொன்று. அந்தக் குழுவுக்கு உண்மையில் தேவைப்பட்டது மேடையும் அல்ல, பொன்னாடையும் அல்ல. மத்தளத்துக்குத் தோல் மாற்றவேண்டும். பேரவையில் நான் சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள், தீர்மானமும் எழுதினார்கள். பிறகு கணக்குப் பகுதி சொன்னது: மூன்று விலைமனு வேண்டும். எங்கள் சுற்றுவட்டத்தில் மத்தளத்துக்குத் தோல் போடுகிறவர் ஒருவர்தான். மூன்றுக்கு எங்கே போவது? அண்ணாவியார் மூன்று விலைமனு கொண்டுவந்தார். மூன்றும் ஒரே எழுத்து, ஒரே நீலப் பேனை. உத்தியோகத்தர் பார்த்துச் சிரித்துவிட்டு, "கணக்காய்வு வந்தால் நான் என்ன சொல்லுறது ஐயா?" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் மேலும் பிழையில்லை, அந்தச் சுற்றறிக்கை பள்ளிக்கூடக் கதிரை வாங்குவதற்கு எழுதியது. அந்த முறை மத்தளத்துக்கான காசு, விழா அழைப்பிதழை மினுக்கத் தாளில் அடிக்கப் போனது. அழைப்பிதழுக்கு மூன்று விலைமனு சுலபம். வவுனியாவில் அச்சகங்கள் நிறைய.

என் தங்கை கலிபோர்னியாவில் ஒரு நடுத்தர நகரத்தில் இருக்கிறாள். அங்கே நகரசபைக்கு உதவியாகக் கலை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறதாம். பிள்ளையின் ஓவியம் ஏதோ ஒரு கண்காட்சிக்குத் தெரிவானதால் அதன் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். வந்து என்னிடம் ஒரு மணித்தியாலம் கதைத்தாள். அதன் பிறகு நானும் தேடித்தேடி வாசித்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அமைப்பு கிட்டத்தட்ட எங்களுடையதுதான். நகரசபை நியமிக்கிற ஊரவர்கள், சம்பளம் இல்லை, முடிவெடுக்கிற அதிகாரமும் பெரும்பாலும் இல்லை. எந்தக் குழுவுக்குச் சிறு நிதி கொடுக்கலாம், எந்தச் சந்தியில் சிற்பம் வைக்கலாம், றோட்டோர மின்பெட்டிகளில் ஆரை ஓவியம் தீட்டவிடலாம், நகரத்துக்கென்று ஒரு கவிஞரை நியமிக்கலாமா என்றெல்லாம் கதைத்து நகரசபைக்குப் பரிந்துரைப்பார்கள். அவ்வளவுதான். சபை தலையாட்டினால் நடக்கும்.

வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, கூட்டம் திறந்த கூட்டம். கலிபோர்னியாவில் 1953 இல் வந்த ஒரு சட்டப்படி இப்படியான குழுக்களின் வழமைக் கூட்டத்துக்கு 72 மணித்தியாலத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியில் ஒட்டவேண்டும். ஊரவர் எவரும் போய் இருக்கலாம், நிரலில் உள்ள எதைப் பற்றியும் எழும்பிக் கதைக்கலாம். பல நகரங்களில் ஆளுக்கு 3 நிமிடம் கொடுப்பார்கள். தன்னுடைய குழுவுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் வந்திருந்தால் அந்த உறுப்பினர் சொல்லிவிட்டு ஒதுங்கி இருக்கவேண்டும். தங்கை போன கூட்டத்தில் ஓர் அம்மா அப்படி எழும்பி வெளியே போய் நின்றாராம். "அக்கா, எனக்கு உங்கட ஆக்களைத்தான் நினைவு வந்தது" என்றாள். எனக்கும் வந்தது. எங்கள் பேரவையில் ஓர் ஆண்டு கௌரவிப்புப் பட்டியலில் பாதிப் பேர் அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள். எவரும் எழும்பி வெளியே போகவில்லை. போயிருந்தால் கூட்டத்துக்கு ஆள் காணாமல் போயிருக்கும் என்பதும் உண்மைதான்.

இரண்டாவது, காசு எங்கிருந்து வருகிறது என்பது. இதை வாசித்தபோதுதான் எனக்கு எங்கள் விசயமே விளங்கத் தொடங்கியது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலைக்கான காசு நகரத்தின் சொந்த வருமானத்திலிருந்தே வருகிறது. பிலடெல்பியா 1959 இல், கட்டட வேலைகளின் செலவில் 1 வீதத்தைக் கலைக்கென்று ஒதுக்கும் விதியைக் கொண்டுவந்தது. சியாற்றில் 1973 இல் அதே வழிக்கு வந்தது. பாலம் கட்டினாலும் நூலகம் கட்டினாலும் ஒரு பங்கு கலைக்கு. சான் பிரான்சிஸ்கோவில் 1961 முதல் ஹோட்டல் வரியில் ஒரு பகுதி கலைக்குழுக்களுக்குப் போகிறது. இந்த ஏற்பாடு உள்ள இடத்தில் ஆலோசனைக் குழுவின் சொல்லுக்குத் தானாகவே ஒரு கனம் வந்துவிடுகிறது. காசு அங்கேயே இருக்கிறது, எப்படிச் செலவழிப்பது என்றுதான் கேள்வி. நாங்களோ காசுக்காகக் காத்திருக்கிற ஒரு கந்தோருக்கு ஆலோசனை சொல்லுகிறோம். மாதத்தைத் தீர்மானிப்பவர் அந்த அறையில் இல்லவே இல்லை.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நான் எழுதமாட்டேன். பல நகரங்களில் நிதி கேட்பதற்கு வரிவிலக்குப் பதிவு உள்ள அமைப்பாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அப்படிப்பட்ட ஒன்றின் நிழலில் நிற்கவேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆடத் தெரிந்தவரும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருப்பது எந்த நாட்டிலும் அபூர்வம். தங்கையின் நகரத்தில் தமிழ்ப் பொங்கல் விழாவுக்குப் பூங்கா வாடகை கழித்துக் கொடுத்தார்களாம், ஆனால் அதைக் கேட்கலாம் என்பதே பல காலம் எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை.

பொது இடத்தில் வைக்கும் கலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளிநொச்சியில் ஏ9 வீதியால் போன எவரும் அந்தப் பெரிய கொங்கிறீட் சதுரத்தைப் பார்த்திருப்பார்கள். சுவரைப் பிளந்து கொண்டு ஒரு குண்டு, உச்சியில் தாமரை. நகரத்தில் பார்க்கத்தக்க மிகப் பெரிய சிற்பம் இதுதான், வைத்தது இராணுவம். இதை எங்கே வைப்பது, வைப்பதா விடுவதா என்று அந்த நகரத்தில் வாழுகிற ஓர் ஓவிய ஆசிரியரிடமாவது கேட்டார்களா? எங்கள் ஆட்கள் வைக்கும் சிலைகளும் இந்த விசயத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆரோ காசு கொடுப்பார், ஆரோ ஒரு சந்தியைக் காட்டுவார், ஒரு காலை திரை நீங்கும். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனுக்கு இங்கே சிலைகள் உண்டு. அவர் முகம் எப்படி இருந்திருக்கும், உடுப்பு எதுவாக இருந்திருக்கும் என்று கூடி இருந்து கதைத்த கூட்டம் எதற்கும் நான் அழைக்கப்பட்டதில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. இப்படியான ஒன்றைக் கதைப்பதற்குத்தான் ஆலோசனைக் குழு வேண்டும். சபைக்கு அது செலவில்லாத வேலையும்கூட.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டு ஏற்பாடு, எங்களுக்குச் சரிவராது" என்று பேரவையில் ஒரு பெரியவர் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் சொல்கிறேன். இலங்கையில் கலைக்கழகச் சட்டம் 1952 இல் வந்தது. அந்தக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைவராக இருந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். அதுவும் ஓர் ஆலோசனைக் குழுதான். அது கூத்துப் போட்டி வைத்தது, அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடு வைத்தது. மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிக் கூத்துப் பிரதிகள் அச்சுக்கு வந்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களைக் கொண்டு 1962 இல் கர்ணன் போரும் 1964 இல் இராவணேசனும் மேடையேற்றினார். படித்த ஆட்கள் கூத்தைக் கண்டு முகம் சுளித்த காலம் அது. முகச்சுளிப்பை மாற்றியது பெரிய காசு அல்ல. எதைக் கேட்கவேண்டும், ஆரிடம் கேட்கவேண்டும் என்று தெரிந்த ஒருவர் தலைமைக் கதிரையில் இருந்தார், அவ்வளவுதான்.

இன்னும் கிட்ட வருவோம். முல்லைத்தீவு 1978 இல் தனி மாவட்டமானது. அதன் பிறகு அமைந்த மாவட்டக் கலாசாரப் பேரவை செய்த காரியங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது, வன்னி நாட்டார் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டதுதான். வயலுக்குள் பன்றி புகுந்து அழிப்பதைப் பாடுகிற பன்றிப்பள்ளு, விளைந்த கதிரைக் குருவி கொத்துவதைப் பாடுகிற குருவிப்பள்ளு, அருவி வெட்டுப் பாட்டு, சூடு மிதிக்கிற இடத்துப் பாட்டு எல்லாம் இப்படித்தான் வாயிலிருந்து தாளுக்கு வந்தன. அப்போது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஒரு தலைமுறைக்குள் இந்த மண்ணில் ஒரு வீட்டிலும் ஒரு கொப்பியும் மிஞ்சாத நாளொன்று வரும் என்று. 2009 இல் சனம் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஒதுங்கியபோது கூத்துக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆர் போனார்கள்? அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் காவிப் போவதே பெரும்பாடு. மீள்குடியேறிய பிறகு அண்ணாவிமார் சிலர் நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். நினைவு தவறிய இடத்தில் வெறும் கோடு போட்டு விட்டிருந்த ஒரு கொப்பியை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பாட்டைத் தேடி அச்சிட்ட வேலைக்கு அன்று விழா இருந்திருக்காது. பாட்டு இன்று இருக்கிறது.

இப்போதைய பேரவைகளுக்கு அந்த வேலை இன்னும் சுலபம். கையில் போன் இருக்கிறது. ஒரு பாடசாலை மாணவனை அனுப்பி ஓர் அண்ணாவியாரின் குரலைப் பதிவுசெய்ய மூன்று விலைமனு தேவையில்லை. ஆனாலும் நடக்கவில்லை, ஏனென்றால் பதிவுசெய்ததைப் பிரதம விருந்தினர் வெளியிட்டுவைக்க ஏலாது. இப்படி எழுதினால் கோபிப்பார்கள் என்று தெரியும்.

பேரவையில் ஆர் இருக்கிறார்கள் என்பதும் கதைக்கவேண்டிய விசயம். எங்கள் பேரவையில் ஓய்வுபெற்ற அதிபர்கள் அதிகம். நான் உட்பட ஆசிரியர்கள் அதிகம். கிளிநொச்சி, வவுனியாப் பக்கங்களில் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பெருந்தொகையான சனம் இருக்கிறது. பாரதிபுரம், மலையாளபுரம், தருமபுரம் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கலாம். காடு வெட்டிக் கிணறு கிண்டிய சனம். அவர்களோடு காமன் கூத்து வந்தது, பொன்னர் சங்கர் வந்தது, தப்பு மேளம் வந்தது. வன்னிக் கலை என்று நாங்கள் மேடையில் அறிவிக்கிறபோது அதில் எதுவும் இருப்பதில்லை. நான் ஒருமுறை காமன் கூத்தை விழாவில் சேர்ப்போமா என்று கேட்டேன். "அது அவையின்ர ஆட்டமல்லோ" என்று ஒரு குரல் வந்தது. இரண்டு தலைமுறையாக இங்கே விதைத்து வெட்டுகிற சனத்தை இன்னும் "அவை" என்கிறோம். பறை வாசிப்பவர்களின் கதையும் இதுதான். பிரதம விருந்தினரை வாசலிலிருந்து அழைத்துவர அவர்கள் வேண்டும். பேரவைக் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழைப்பது என்று எவருக்கும் தோன்றியதில்லை. கரையோரத்துக் கத்தோலிக்கக் கூத்துக்காரர்கள் பங்குத்தந்தை வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவே.

உறுப்பினர் தெரிவுக்கு ஒரு காலவரையறை வைத்தால் இதில் பாதி தீரும் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டு இருந்தவர் எழும்பி இன்னொருவருக்கு இடம் விடட்டும். அமெரிக்க நகர ஆணைக்குழுக்களில் எல்லாருடைய காலமும் ஒரே நாளில் முடியாதபடி படிப்படியாக வைக்கிறார்கள், பழைய ஆட்களின் அனுபவமும் புதியவர்களின் கண்ணும் ஒரே மேசையில் இருப்பதற்கு. எங்களில் உறுப்பினர் பதவி முடிவது பெரும்பாலும் மரண அறிவித்தலோடுதான்.

சரி, மாதத்துக்கு வருவோம். பிரதேச செயலகம் மத்திய அரசின் கந்தோர். அதன் காசு திறைசேரியின் நாட்காட்டியில்தான் வரும். அதை நாங்கள் எத்தனை தீர்மானம் எழுதினாலும் மாற்ற ஏலாது. ஆனால் பக்கத்து வளவிலேயே பிரதேச சபை இருக்கிறது. மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிற சபை. அதற்குச் சொந்த வருமானம் உண்டு: சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை. பாதீட்டை முந்திய ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறைவேற்றிவிடுவார்கள், ஆகவே தங்கள் காசைச் சபை பங்குனியிலும் செலவழிக்கலாம், சித்திரையிலும் செலவழிக்கலாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், சபை அமைக்கும் குழுக்களில் உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ள இடமிருக்கிறது. பெரும்பாலான சபைகள் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பம், சுற்றாடல் என்று கட்டாயக் குழுக்களோடு நிறுத்திவிடுகின்றன. கலைக்கென்று ஒரு குழுவை வைத்து, அதில் ஓர் அண்ணாவியாரையும் ஒரு தப்பிசைக் கலைஞரையும் ஓர் ஓவிய ஆசிரியையையும் இருத்தினால் சட்டம் தடுக்கப்போவதில்லை.

கேளிக்கை வரி என்று ஒன்றும் இருக்கிறது. இந்தியாவிலிருந்து பாடகர்களைக் கொண்டுவந்து மைதானத்தில் ரிக்கற் விற்று இசை நிகழ்ச்சி வைக்கிறார்கள் அல்லவா, அந்த ரிக்கற்றில் உள்ளூராட்சி சபைக்கு ஒரு பங்கு வரும். சான் பிரான்சிஸ்கோவுக்கு ஹோட்டல் வரி என்றால் எங்களுக்கு இது. வெளியூர்ப் பாட்டுக்கு வந்த காசில் ஒரு சிறு பங்கை உள்ளூர் மத்தளத்துக்குக் கொடுங்கள் என்று கேட்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

வவுனியாவுக்கு இதில் நல்ல வாய்ப்பு. நகரசபையாக இருந்தது மாநகரசபையாகி 2025 மே மாதத் தேர்தலில் முதல் தடவை மாநகரசபைக்கு வாக்குப் போட்டார்கள். கையில் கலாசார மண்டபம் இருக்கிறது. புதிய சபை, பழக்கவழக்கம் இன்னும் இறுகவில்லை. மண்டபத்தைப் பயிற்சிக்கு இரவில் எந்தக் குழுவுக்குத் திறந்துவிடுவது, வாடகையில் ஆருக்குக் கழிவு என்று சொல்ல ஓர் ஆலோசனைக் குழு அமைப்பதற்குப் பெரிய செலவு வராது. மண்டப வாடகை கட்ட ஏலாமல் தென்னை மரத்தடியில் ஒத்திகை பார்க்கிற நாடகக்காரப் பெடியளை அங்கே எனக்குத் தெரியும். அவர்களுக்கு விருது வேண்டாம், மின்விசிறியும் வேண்டாம், மாலை 6 மணிக்குப் பிறகு ஒரு கூரை போதும்.

திறந்த கூட்டத்துக்கும் வழி இல்லாமல் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, கௌரவிப்புப் பட்டியல் எந்த அடிப்படையில் வந்தது, விழாவுக்கு எவ்வளவு போனது என்று எவரும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தகவல் அலுவலர் சொல்லவேண்டும். நான் பேரவைக்குள் இருந்துகொண்டே வெளியாள் மாதிரி விண்ணப்பம் போடுவது அழகில்லை என்று விட்டிருக்கிறேன். அதற்குப் பதிலாக, பரிந்துரைப் பட்டியலையும் காரணத்தையும் செயலக அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம் என்று கடந்த கூட்டத்தில் கேட்டேன். "பிறகு சண்டை வரும் ரீச்சர்" என்றார் உத்தியோகத்தர். இப்போது சண்டை இல்லையா என்று கேட்டேன். சிரித்தார். கூட்டறிக்கையில் அது ஏறவில்லை.

பிறகு பிரதேச சபை உறுப்பினர் ஒருவரிடம் போனேன். என்னிடம் படித்தவர். "றோட்டுக் கிடங்கு மூடக் காசில்லை ரீச்சர், கூத்துக்கு எங்க போறது?" என்று தொடங்கினார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருடைய வட்டாரத்து றோட்டில் மாரியில் நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். கொஞ்ச நேரம் கதைத்த பிறகு, "எவ்வளவு எண்டு எழுதித் தாங்கோ, வாயால சொன்னால் பாதீட்டில ஏறாது" என்றார்.

ஆகவே அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் இருந்து கணக்குப் போட்டோம். மத்தளத் தோல் இரண்டு பக்கமும். முடிக்குக் கண்ணாடித் துண்டும் மினுக்கக் கடதாசியும். பழகும் இரவுகளுக்கு ஒரு லைட்டும் வயரும். தூரத்துப் பெடியள் வந்துபோகப் பெற்றோல். தேத்தண்ணிக்குச் சீனி, தேயிலை. வெறும் கோடு போட்டிருக்கிற கொப்பிப் பக்கங்களை நிரப்ப, முள்ளியவளையில் இருக்கிற ஒரு கிழவரிடம் போய்வர பஸ் காசு. அண்ணாவியார் ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் ஒரு விழாவுக்குப் பந்தல் போடுகிற காசைவிடக் குறைவு. பொன்னாடை என்று ஒரு வரி போடட்டுமா என்று பகிடிக்குக் கேட்டேன். "போடு பிள்ளை, அதை வித்துச் சலங்கை வாங்கலாம்" என்றார்.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். பாதீட்டுக் கூட்டம் கார்த்திகையில். பொதுமக்கள் இருக்கையில் இருந்து பார்க்கலாமாம், நான் போவேன்.